இரட்சணிய யாத்திரிகமும் இதழ்ப்பணியும்

தமிழிற் கிறித்தவக் காப்பியங்களை ஆராயப் புகுவார், எச். ஏ. கிருட்டிண பிள்ளையைக் 'கிறித்தவக் கம்பர்' என்னும் தொடர் கொண்டு அறிமுகப்படுத்துவது வழக்காகிவிட்டது. அத்தொடர் பொருந்தாதது அன்று. கம்பன் கவியில் தோய்ந்த வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, அக்கல்வியின் பயனை எல்லாம் தாம் தழுவிய சமயத்திற்கு ஆக்கிய பெருமகனாரை அங்ஙனம் அழைத்தல் தகுவதே. எனினும், அப்புகழ்மொழி ஒன்றைக் காட்டி ஒன்றை மறைக்கின்றது என்பது எம் கருத்து. கம்பரை நாம் எண்ணுங்கால் ஏடும் எழுத்தாணியும் அரங்கேற்றமும் மனக்கண் முன் வருகின்றன. கிருட்டிண பிள்ளையோ அச்சின் மனிதர். செய்தியிதழிலும் திங்களிதழிலும் பதிப்புப் பணியிலும் பள்ளிநூல் தொகுப்பிலும் வாழ்நாளைச் செலவிட்டவர். இப்பணிகள் அவருடைய காப்பியத்திற்குப் புறம்பானவையா, அன்றி அதனை உருவாக்கியவையா என்னும் வினாவை நம் இலக்கிய வரலாறுகள் எழுப்பியதாகத் தெரியவில்லை.

இவ்வினா எமக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லிச் சாலையில், ஐயப்பன்தாங்கலில் எம் இல்லத்திற்கு அண்மையில் முதியவர் ஒருவர் வாழ்ந்துவந்தார். கிறித்தவ நூல்களுக்கு அச்சுப்படி திருத்துவதே அவருடைய வாழ்நாள் தொழில். அத்தொழிலின் சிறு வருவாயிலே மக்களைப் படிக்கவைத்து மணமுடித்துப் பேரர்களையும் கண்டவர். ஒருநாள் எம்மிடம் யாத்திரிகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "கிருட்டிண பிள்ளை பாடினதை எல்லாரும் எழுதுகிறீர்கள் ஐயா, அவர் மாதந்தோறும் இதழுக்குப் படி அனுப்பினதை யாராவது எழுதியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். அப்போது எம்மால் தக்க விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சி.

கிருட்டிண பிள்ளை 1827ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள் நெல்லை நாட்டுக் கரையிருப்பில் தோன்றினார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் கற்றார். 1853இல் சாயர்புரம் கல்விச்சாலைக்குத் தமிழாசிரியராகக் கால்டுவெல் ஐயரால் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அங்கே கிறித்தவச் சூழலில் வாழ்ந்தபோதும் அவர் உடனே மதம் மாறிவிடவில்லை. தம்பி முத்தையா பிள்ளை முந்திக்கொண்டார். தமையன் தம்பியைப் பின்பற்றிய இவ்வரலாறு நம் குடும்ப முறைமைக்கு மாறானது. ஆதலின் அதன் வலியும் பெரிதாயிருந்திருக்கும். 1858ஆம் ஆண்டு ஏப்பிரல் 18ஆம் நாள், முப்பதாம் அகவை நிறைந்து முப்பத்தொன்று தொடங்குதற்கு ஐந்து நாள் இருக்கையில், சென்னை மயிலாப்பூரில் தூய தோமையார் ஆலயத்தில் ஞானமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரெட் என்னும் பெயர் பூண்டார். பிறந்த ஊரிலன்றி, நெடுந்தொலைவிலுள்ள மயிலாப்பூரில் அது நிகழ்ந்தது என்பதை ஆராய்ச்சியாளர் நினைவிற் கொள்ளல் நன்று. இதன் இன்றியமையாமையைப் பின்னர்க் காண்போம்.

சென்னை அவருக்கு ஞானமுழுக்கை மட்டும் தரவில்லை. அச்சுத் தொழிலையும் தந்தது. பீட்டர் பெர்சிவல் ஐயர் 1855இல் தொடங்கிய 'தினவர்த்தமானி' என்னும் கிழமை இதழில் அவர் துணையாசிரியராக அமர்ந்தார். பெர்சிவல் ஐயரைச் சூழ்ந்திருந்த தமிழறிஞர்களை ஒருங்கு வைத்து எண்ணினால் வியப்பே தோன்றும். யாழ்ப்பாணத்தில் அவருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், பின்னர்ச் சைவத்திற்காகத் தாமே அச்சுக்கூடம் நிறுவினார். தினவர்த்தமானியின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றிருந்த சி. வை. தாமோதரம் பிள்ளை கிறித்தவக் குடும்பத்தில் வளர்ந்து சைவராகிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். வைணவராய் வளர்ந்த கிருட்டிண பிள்ளை கிறித்தவராகி அதே இதழிற் பணிபுரிந்தார். மூவரும் மூன்று திசையிற் சென்றனர். மூவர் கையிலும் இருந்த கருவி ஒன்றே. எழுத்தை வார்த்து, கோத்து, அச்சிட்டு, அறியாதார் கையிலும் சேர்க்கும் அக்கருவியைப் பழகிய தலைமுறையினர் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சமய வரலாற்றை மதமாற்றங்களின் வரலாறாக மட்டும் எழுதுவோர் இவ்வொற்றுமையைக் காணத் தவறுகின்றனர்.

அதே 1858ஆம் ஆண்டில்தான் இந்திய நாட்டு மொழிகளில் நூல் வெளியிடுதற்கெனக் கிறித்தவத் தாய்மொழிக் கல்விச் சங்கம் தோன்றிற்று. அதன் உயிர்நாடியாக விளங்கிய ஜான் மர்டாக்கு, 1844இல் இலங்கைக்கு வந்து கண்டியில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியை நடத்திய ஸ்காட்லாந்து நாட்டவர். 1865இல் அவர் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் பொருள்வாரிப் பட்டியலைத் தமிழாராய்ச்சியாளர் இன்றும் கைவிட்டிலர். கிறித்தவ நூல்களை மட்டுமன்றிச் சைவ, வைணவ, இலக்கண நூல்களையும் அவர் வகைப்படுத்தித் தொகுத்தார். தம் சமயத்திற்கு எந்நூல் குறைவு என்று அறியும் நோக்கத்தோடு தொடங்கிய பணி, தமிழ் நூலியலுக்கு அடிப்படையாய் முடிந்தது. அப்பெருமகனார் 1904இற் சென்னையிலே உயிர்நீத்தார். அச்சங்கமே பின்னர்க் கிறித்தவ இலக்கியச் சங்கமெனப் பெயர் பெற்று, 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை நூலாக வெளியிட்டது. மர்டாக்கு பட்டியலிட்ட அச்சுலகிற்குள்ளே கிருட்டிண பிள்ளை எழுதினார் என்பதைக் கூறவே இதனை ஈண்டு விரித்தோம்.

அவர் பிறர் நூலைப் பதிப்பிப்பதிலும் தயங்கினாரல்லர். 'வேதப்பொருள் அம்மானை'யையும் கால்டுவெல் ஐயரின் 'பரதகண்ட புராதன'த்தையும் பதிப்பித்தார். மாணவர்க்கென இலக்கியங்களினின்று தொகுத்த 'காவிய தர்ம சங்கிரகம்' அவருடைய ஆசிரியத் தொழிலின் விளைவு. பிறர் நூலுக்கு உழைக்கும் புலவன் தன் நூலைச் சிறிது ஒத்திவைக்கின்றான். கிருட்டிண பிள்ளையின் பெருங்காப்பியம் ஐம்பதை ஒட்டிய அகவையிலேதான் தொடங்கியது என்பது இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இனி, காப்பியம் வெளிவந்த முறையைக் காண்போம். இரட்சணிய யாத்திரிகம் ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களும் 47 படலங்களும் உடையது, பாடற்றொகை 3,766. இது நெல்லைத் திருச்சபை மக்களிடையே வழங்கிய 'நற்போதகம்' என்னும் திங்களிதழில் 13 ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது. இச்செய்தியை எல்லா வரலாற்றாசிரியரும் ஒரு வரியிற் கூறிக் கடந்து செல்கின்றனர். நாம் சற்றே நின்று கணக்கிடுவோம். 13 ஆண்டுகட்கு 156 திங்கள். 3,766 பாடல்களை அவற்றுட் பகுத்தால் திங்களுக்குச் சராசரி 24 பாடல் ஆகும். இத்தொகை இதழ்தோறும் சிறிது கூடியும் குறைந்தும் இருக்கலாம். அதனால் எம் கருத்துக்கு இழுக்கில்லை. பெருங்காப்பியம் ஒன்றை அதன் முதற் கற்போர் திங்களுக்கு இரண்டு டசன் விருத்தமாகக் கற்றனர் என்பதே இதிற் பெறப்படுவது.

இத்தகைய நிலை தமிழ்க் காப்பியங்களுக்கு முன்பு இருந்ததில்லை. வீரமாமுனிவரின் தேம்பாவணியை ஒப்பிட்டுப் பார்க்க. 1726இல் நிறைவுற்ற அந்நூல் நூறாண்டுக்கு மேலாக ஏட்டிலேயே வழங்கி, 1850களின் தொடக்கத்திலேதான் புதுவையில் அச்சேறியது. முனிவர் காலத்து வாசகர் அதனை முழுமையாகப் பெற்றனர். ஆனால் பெற்றவர் சிலர். யாத்திரிகத்தைப் பெற்றவர் பலர். ஆனால் சிறிது சிறிதாகப் பெற்றனர். கேட்போர் தொகை மாறியபோது காப்பியத்தின் நடையும் மாறாது இருக்க முடியாது. 1887இற் சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும், அதே ஆண்டில் தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் ஏட்டினின்று அச்சுக்குக் கொணர்ந்தனர். பழங்காப்பியம் நூலுருப் பெற்ற அதே ஆண்டுகளில் நெல்லையில் ஒரு புதுக்காப்பியம் இதழ் வழியே வளர்ந்துகொண்டிருந்தது. புறநானூற்றின் முதற்பதிப்பும் யாத்திரிகத்தின் முதற்பதிப்பும் ஒரே 1894இல் வெளிவந்தன. தமிழ்ப் பதிப்பு வரலாறு எழுதுவோர் முன்னதைப் போற்றுகின்றனர்; பின்னதைச் சமய இலக்கியம் என்னும் தனியறையில் வைத்துத் தாழிட்டுவிடுகின்றனர். இஃது எமக்கு உடன்பாடன்று.

இதழ்முறை காப்பியத்தில் விட்டுச்சென்ற அடையாளங்கள் யாவை? முதலாவதாக, கதைப்போக்கினிடையே வரும் தேவாரங்கள். 144 பாடல்கள் தேவாரம் என்னும் பெயரால் நூலில் அமைந்துள்ளன. காப்பியக் கதையை நிறுத்தி உள்ளம் உருகி வழிபடும் இப்பாடல்கள் பெருங்காப்பிய இலக்கணத்திற்குப் புதியவை. இவை கவிஞர் இளமையிற் கேட்ட ஆழ்வார் பாசுரங்களின் எதிரொலி என்றும், நெல்லைச் சைவச் சூழலின் பயன் என்றும் கூறுவர். பெயரே தேவாரம் ஆதலின் அதனை யாரும் மறுக்கவியலாது. ஆயினும் மூலம் வேறு, இடம் வேறு. பாசுர மரபு இப்பாடல்களின் மூலத்தைக் காட்டும்; கதைக்கு நடுவே இவை நிற்கும் இடத்தைக் காட்டாது. திங்களுக்கு ஒருமுறை இதழைப் பெற்று, மாலை வழிபாட்டின்போது வீட்டார் சூழ ஒருவர் படிக்கப் பிறர் கேட்கும் நிலையை எண்ணுக. கதை எங்கோ பாதியில் நிற்கும். அதன் முன்வரலாறு சென்ற திங்களோடு மறந்திருக்கும். அந்நிலையில் தானே நிறைவுடைய ஒரு பதிகம் கிடைப்பின் அவ்வீட்டார் அதனைப் பாடிக்கொள்வர். காப்பியத்தை அறியாதாரும் அதன் தேவாரங்களை அறிந்திருக்கும் நிலை இதனாலேயே தோன்றிற்று என்று கருதுகின்றோம்.

இரண்டாவதாக, மொழிநடை. யாத்திரிகத்தில் வடசொற்கள் மிகுதி என்பது தமிழன்பர் பலர் கூறும் குறை. நூற்பெயரே வடமொழி, மறுப்பதற்கில்லை. தேம்பாவணியின் செந்தமிழ்த் தேர்ச்சியை இதனோடு ஒப்பிட்டுக் கிருட்டிண பிள்ளையைக் குறைகூறுவாரும் உளர். அவர்கள் மறந்தது ஒன்று. திருச்சபையாரின் வேதநூலிலும் செபநூலிலும் நாடோறும் வழங்கிய சொற்கள் அவை. மீட்பைக் குறிக்க இரட்சிப்பு என்ற சொல்லையே அவர்கள் தாய்மடியிற் கற்றிருந்தனர். அவர்கட்குத் திங்களிதழ் எழுதும் புலவன் அச்சொற்களைத் தள்ளிவிட்டால் அவர்களையே தள்ளியவனாவான். கம்பன் விருத்தத்தின் ஓசையையும் திருச்சபைச் சொல்லையும் ஒருங்கு இணைத்ததே அவர் செய்த அருஞ்செயல். சில இடங்களில் இணைப்புத் தெரிகின்றது, தையல் புலப்படுகின்றது. அதனை ஒளிக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது அடையாளம் குறையின்பாற்பட்டது. பண்புகளும் தீக்குணங்களும் மாந்தராக உருக்கொண்டு உரையாடும் பகுதிகள் நெடிது செல்கின்றன. இதனை மூலநூலின் குறை என்பர். பனியன் நூலின் உரையாடல்கள் உரைநடையில், நாட்டுப்புற ஆங்கிலத்தின் எளிமையில் விரைந்து செல்லும். விருத்தத்தில் அவை நின்று நின்று செல்கின்றன. ஒரே அமர்வில் நூல் முழுதும் படிப்போர்க்கு இது சலிப்பைத் தருவது உண்மை. ஆயின் 24 பாடலாகப் படித்தோர்க்கு அது சலிப்பைத் தந்திராது, அறிவுரையாகவே பயன்பட்டிருக்கும். நாம் இன்று பருவம் பருவமாகத் தேர்வுக்குப் படித்துவிட்டு, திங்கள் திங்களாகக் கற்றோர்க்கு எழுதிய கவிஞனைக் குறைகூறுகின்றோம். இதழில் வெளிவந்த பாடத்தையும் 1894ஆம் ஆண்டுப் பதிப்பையும் வரிவரியாக ஒப்பிட்டு, எங்கே இதழ்ப்பகுதி முடிந்தது, எங்கே கவிஞர் திருத்தினார் என்று காட்டும் ஆராய்ச்சியை முதுகலை மாணவர் எவரேனும் மேற்கொள்வாராயின் பெரும்பயன் விளையும். கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் இதழ்த்தொடராக வந்ததைப் பற்றி நூல்கள் பேசுகின்றன. அதற்கு முன்பே ஒரு காப்பியம் தொடராக வந்ததைப் பற்றியும் பேசுதல் முறையன்றோ?

இதுகாறும் அச்சைப் பற்றிப் பேசினோம். இனிக் குடும்பத்தைப் பற்றிப் பேசுவோம்; இவை இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையன.

ஜான் பனியனின் நூல் 1678இல் வெளிவந்தது. அதன் தொடக்கக் காட்சி உலகறிந்தது. அழியவிருக்கும் நகரினின்று ஒருவன் முதுகிற் சுமையோடு ஓடுகின்றான். மனைவியும் மக்களும் பின்னின்று அழைக்க, அவ்வொலி கேளாதிருக்கக் காதுகளை விரல்களால் அடைத்துக்கொண்டு ஓடுகின்றான். பின்னர் ஓர் அழகிய மாளிகையில் அன்பு என்னும் நங்கை, 'மனைவி மக்களை ஏன் உடன் அழைத்து வரவில்லை?' என்ற பொருள்பட வினவ, அவன் கண்ணீர் விடுகின்றான். இவ்வினாவின் சுமை பனியனைத் தாக்கியிருந்தது. சமயக் கொள்கைக்காக 1660இற் சிறை புகுந்து பன்னிரண்டு ஆண்டு அங்கே கழித்தவர் அவர். பார்வையற்ற மகளை நினைந்து சிறையில் வருந்தினார் என்பது அவர்தம் வாழ்க்கைக் குறிப்பிலே காணப்படுவது. 1684இல் நூலின் இரண்டாம் பகுதியை எழுதி, விட்டுச்சென்ற மனைவியையும் மக்களையும் அதே வழியிற் செலுத்தினார். ஓடியவனுக்கு நேர்ந்த பழியைத் தீர்க்க அவருக்கு ஆறாண்டும் மற்றொரு நூலும் வேண்டியிருந்தன.

தமிழில் இந்நூலை உரைநடையிற் பெயர்த்தோர் உளர். யாழ்ப்பாணத்து அமெரிக்கத் தொண்டர் ஸ்பால்டிங் ஒருவர். உரைநடையிற் பெயர்ப்பவர் மூலத்தோடு செல்லலாம். காப்பியம் செய்பவர்க்கு இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. தண்டியாசிரியர் நெறிப்படி பெருங்காப்பியத் தலைவன் தனக்கு நிகரில்லாதவனாதல் வேண்டும். பனியனின் தலைவனோ கந்தையுடுத்துப் பாவச்சுமை தாங்கிய எளியன். வழியில் வீழ்பவன், அஞ்சுபவன், உறங்கிவிடுபவன். அவனைப் பெருங்காப்பியத் தலைவனாக்குதல் யாங்ஙனம்? இஃது ஓர் இடர். மற்றொன்று, இல்லறத்தை நல்லறமெனக் கொண்ட நாட்டில், மனையாளின் குரலுக்குச் செவியடைத்து ஓடுபவனைக் கற்பார் உள்ளத்தில் எவ்வாறு நிலைநிறுத்துவது? துறவு தமிழர்க்குப் புதிதன்று. பட்டினத்தாரை அறிந்த நாடு இது. ஆனால் துறவி துறந்தபின் திரும்பக் குடும்பத்திற்கு வருவதில்லை. கிருட்டிண பிள்ளையின் சமயமோ துறவை வேண்டுவதன்று. இல்லறத்தாரே செல்லவேண்டிய வழி அது.

இவ்விரு இடர்களையும் கவிஞர் ஒரே முறையால் தீர்த்தார் என்பதே இக்கட்டுரையின் முடிபு. பனியனிடத்து இல்லாத இறைமகன் வரலாற்றைக் காப்பியத்தினுள் விரித்துரைத்தார். குமார பருவம் அதன் பெயரிலேயே இதனைக் காட்டுகின்றது. அப்பருவத்து இரட்சணிய சரிதப் படலம், இயேசு பெருமான் பட்ட பாடுகளை விரித்துரைப்பது. நூலின் உயிர்நிலை அதுவே என்று ஆய்வாளர் ஒருமுகமாகக் கூறுவர். பள்ளி மாணவர் இன்றும் பயில்வது அப்படலத்துப் பாடல்களையே. இதனாற் காப்பியத்திற்கு ஒப்பற்ற தலைவன் கிடைத்தான். யாத்திரிகன் அத்தலைவனால் மீட்கப்பெறுபவன் ஆனான். முதல் இடர் நீங்கிற்று.

ஒருசாரார் ஈண்டு ஒரு தடை எழுப்புவர்: 'இச்சேர்க்கை இறையியல் தேவையால் விளைந்தது, மீட்பர் வரலாறு அறியாத தமிழர்க்கு அதனைச் சொல்லாமல் மீட்புப் பயணத்தைச் சொல்ல முடியாது, இதிற் கவிஞரின் வாழ்வுக்கு இடமில்லை' என்பர். இத்தடை முதற்பார்வைக்கு வலியதாகத் தோன்றும். ஆனால் இதழ் வரலாறு இதனை உடைக்கின்றது. நற்போதகத்தைப் படித்தோர் யாவர்? திருச்சபை மக்கள், உபதேசியார்களும் ஆசிரியர்களும் அவர்தம் வீட்டாரும். இயேசுவின் பாடுகளைப் பனியனின் வாசகர்க்குக் குறையாமல் அறிந்தோர். அறியாதார்க்கு அறிவிக்க அப்பருவம் எழுந்ததன்று. அறிந்தார்க்கே அது பாடப்பெற்றது. ஆகவே காரணம் செய்தியன்று. கவிதை என்பது தெளிவு.

அக்கவிதையின் உள்ளுறை யாது? தந்தையின் சொல்லைத் தலைமேற் கொண்டு துயருறும் மகனின் கதை அது. கம்பனைக் கற்றவர்க்கு இக்கதை எங்கே கேட்டது என்று கூறவேண்டுவதில்லை. அரசுரிமையைத் தந்தை சொல்லால் துறந்து காடேகிய மகனைப் பாடிய நூலிலே தோய்ந்து வளர்ந்தவர், விண்ணுரிமையைத் தந்தை திருவுளத்தால் துறந்து மண்ணில் வந்த மகனைப் பாடுகின்றார். ஊரை விட்டு ஓடுதல் என்னும் பனியனின் தொடக்கத்திற்கு முன்னும் பின்னுமாக, தந்தைக்கு அடங்கி நிற்கும் மகனின் வரலாறு நிற்கின்றது. ஓட்டத்தால் அவிழ்ந்த உறவு, கீழ்ப்படிதலால் மீண்டும் கட்டப்படுகின்றது. தேம்பாவணியில் முனிவர் சூசையப்பரைத் தலைவராக்கிக் குடும்பத்தைக் காப்பியத்தின் நடுவிடத்தில் அமர்த்தினார்; அவரோ துறவி. இல்லறத்தாரான கிருட்டிண பிள்ளை குடும்பத்தை நேரே பாடாமல் தந்தை மகன் உறவின் வழியே பாடினார். இம்மாறுபாடு ஆராய்தற்குரியது.

இங்கே மயிலாப்பூரை மீண்டும் நினைவுகூர வேண்டும். சங்கரநாராயண பிள்ளையின் மகன், தந்தை வழிச் சமயத்தை விட்டு, சுற்றத்தாரின் கண்காணா நகரில் முழுக்குப் பெற்றார். பனியனின் தலைவன் காதடைத்து ஓடிய காட்சியை அவர் தம் வாழ்வில் ஒருமுறை நிகழ்த்தியவர். தாம் கிறித்தவரான வரலாற்றைத் தாமே எழுதியும் உள்ளார். அமெரிக்க ஆய்வாளர் டெனிஸ் ஹட்சன் அவ்வரலாற்றையும் அவர் காலத்தையும் விரிவாக ஆராய்ந்துள்ளார். வாழ்வைக் கொண்டு கவிதையை அளப்பது எப்போதும் பிழையின்றி முடிவதன்று. கவிஞரின் ஒவ்வொரு வரியிலும் அவர்தம் வீட்டைத் தேடுவோர் இறுதியில் வீட்டையும் காணார், கவிதையையும் காணார். ஆயினும் மூலநூலில் இல்லாத ஒரு பருவத்தைச் சேர்க்கும்போது கவிஞர் தாமே தெரிவு செய்கின்றார். தெரிவு உள்ள இடத்தில் வாழ்வைப் பற்றி வினவுதல் குற்றமாகாது. தந்தையை விட்டு வந்த மகன், தந்தையை விடாத மகனைப் பாடினார். இதனினும் நெருக்கமான சான்று எமக்கு வேண்டியதில்லை.

அச்சும் குடும்பமும் எவ்வாறு தொடர்புறுகின்றன என்பதும் இதனால் விளங்கும். வைணவக் குடியிலே, தந்தை படிக்க வீட்டார் கேட்பது கம்பராமாயணம். அதனை இழந்தவர்க்கு அதற்கு ஈடாக வீட்டில் அமர்ந்து கேட்கும் நூல் வேண்டும். கோயிலில் அரங்கேறும் காப்பியம் அதனைத் தராது. அறிஞர் அவையிற் படிக்கும் காப்பியமும் தராது. திங்கள்தோறும் வாயிலில் வந்து சேரும் இதழே அதனைத் தரும். இதழ்ப்பணி அவருக்குப் பிழைப்பும் தொண்டும் ஆனதோடு, விட்டுவந்த வீட்டின் வழக்கத்தைப் புதிய வீடுகளில் நாட்டும் வழியும் ஆயிற்று. 'கிறித்தவக் கம்பர்' என்னும் தொடருக்கு உண்மையான பொருள் இதுவாயின் அத்தொடரை யாமும் ஏற்போம். கம்பனின் அணிகளைக் கடன் வாங்கியமைக்காக மட்டும் அதனை வழங்குதல் அவரைக் குறைத்தலாகும்.

பிற்கால நூல்களைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. 1884இற் போற்றித் திருவகவல் வந்தது. 1898இல் வெளிவந்த இரட்சணிய சமய நிர்ணயம் சமய ஆராய்ச்சி உரைநடை. அக்காலத்து வாதநூல்களினும் அமைதியுடையது, எனினும் வாதநூலே. 1899இல் வெளிவந்த இரட்சணிய மனோகரம் வழிபாட்டுப் பாடற்றொகுதி. யாத்திரிகத்துத் தேவாரங்கள் தொடங்கிய பணியை அது நிறைவு செய்தது. கதைப் பின்னல் இல்லாமையால் அது எளிதில் வாய்க்கு வந்தது. 1900ஆம் ஆண்டு பிப்பிரவரி 3ஆம் நாள் கவிஞர் காலமானார். எழுபத்திரண்டு ஆண்டு வாழ்வில் ஏறத்தாழ நாற்பதாண்டு அச்சோடு உறவாடியவர். அவர் எழுதியனவாகக் கூறப்படும் இரட்சணியக் குறளும் இரட்சணிய பாலபோதனையும் இன்று கிடைத்தில. இதழுக்கும் சங்கத்திற்கும் சென்றவை நின்றன.

ஐயப்பன்தாங்கல் முதியவரிடம் இரட்சணிய மனோகரத்தின் பழைய படி ஒன்று இருந்தது. அட்டை கிழிந்து நூலால் தைக்கப்பட்டிருந்தது. வீட்டில் நாடோறும் எடுத்தாண்ட நூல் என்பதைப் பார்த்த அளவிலே அறியலாம். பக்கங்களைப் புரட்டினோம். ஒரு பாடலில் ஒற்றெழுத்து ஒன்று விடுபட்டிருந்த இடத்தில், ஓரத்தில் மெல்லிய பென்சிற் கோட்டால் அச்சுப்படி திருத்துவோர் இடும் குறியை இட்டு, விடுபட்ட எழுத்தையும் எழுதியிருந்தார். 'இது அச்சுக்குப் போகும் படி அன்றே, வீட்டுப் படிதானே?' என்றோம். "ஆமாம் ஐயா, பேரப்பிள்ளைகள் பாடுகிறார்கள்" என்றார்.